மேல தண்ணி டேங்க் மட்டும்தான்

லேன் முனைக் கடையில இருந்து ஜுமானா லாத்தாட குரல் "மாமா வாறார்" எண்டு கேட்ட நேரம் யூஜினா கீழ் பாத்ரூமுக்குள்ள தலைக்கு ஷாம்பு போட்டுக்கொண்டு நிண்டா. மாமா எண்டா முனிசிபல் ஆக்கள். அந்தச் சத்தம் கேட்டா என்ன செய்யிறதெண்டு அந்த லேன்ல நாலு வயசுப் பிள்ளைக்கும் தெரியும். மேல இருக்கிறவங்க இரும்பு ஏணிப்படியைக் கொக்கியில இருந்து கழட்டி, கயித்தால இழுத்து, மாடித் தரையில படுக்க வச்சு, பிறகு தாங்களும் குந்தியிருந்து மூச்சுக் காட்டாம இருக்கோணும். கீழ இருக்கிறவங்க கதவடியில வந்து நிண்டு சிரிக்கோணும். யூஜினா நுரையோட தலையில டவலைச் சுத்திக்கொண்டு வெளிய வாறதுக்கிடையில பதினொரு வீட்டுலயும் இரும்பு உரசுற சத்தம் கேட்டு முடிஞ்சுது. அரை நிமிசம் கூட இல்ல. கொழும்பு கொட்டாஞ்சேனையில இந்த லேன் மாதிரி ஒற்றுமையான லேன் வேற இல்லையெண்டு எதிர்வீட்டு ஸமீம் நானா பெருமையாச் சொல்லுவார்.

வந்தது மூணு பேர். ஒரேஞ்ச் கலர் ஜெக்கட், ஒரு மூணுகால் ஸ்டேண்ட், அதுக்கு மேல கமரா மாதிரி ஒரு சாமான். முனிசிபல் ஆக்கள் ஒருநாளும் மூணுகால் கொண்டு வாறதில்லையே எண்டு யூஜினாட மண்டைக்குள்ள எங்கயோ ஒரு சின்ன முள்ளுக் குத்திச்சு. ஆனா அதுல ஒருத்தர் மேல கையைக் காட்டி என்ன இருக்கெண்டு கேக்க, கீழ் வீட்டுக்காரி மெரினா மச்சாள் வழமை போல யூஜினாட முகத்தைப் பாக்க, யூஜினாட வாய் தன்ட பாட்டுக்கு வேலையைச் செஞ்சுட்டுது.

"உட வத்துர டெங்கிய விதரய், மஹத்தயா."

மேல தண்ணி டேங்க் மட்டும்தான், ஐயா. அவர் தலையாட்டிட்டு எழுதினார். மெரினா மச்சாள் எல்லாருக்கும் ப்ளேன்டீ வேற குடுத்தா. அந்தக் கறுப்பு டேங்குக்குப் பின்னால, தகரத்தால சுத்தி அடைச்ச ரெண்டு அறைக்குள்ள, யூஜினாட புருசன் நெல்சனும் மகள் ஷெரினும் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தாங்க. ஷெரினுக்குப் பதினாறு வயசு. ஓ லெவலுக்குப் படிக்கிறவ. கணக்குக் கொப்பியை மடியில வச்சுக்கொண்டு, பேனை கூட உரசாம.

மூணு மாசத்தால ஜுமானா லாத்தாட கடைச் சுவத்துல மூணு பாசையில நோட்டீஸ் ஒட்டினாங்க. உயரத்தால போற புதுப் பாதை ஒண்டுக்குக் காணி எடுக்கப் போறாங்க. பொதுத் தேவை. அண்டைக்கு வந்தது முனிசிபல் இல்ல, அந்தப் பாதைக்கு அளக்க வந்த சேர்வேயர் ஆக்கள் எண்டு அப்பத்தான் விளங்கிச்சு. இடிக்கிற வீட்டுக்குப் பதிலா மட்டக்குளிப் பக்கம் ஒரு ப்ளாட் குடுப்பாங்களாம். லிஸ்ட்டுல பதினொரு இலக்கம், பதினொரு ஒற்றைத்தட்டு வீடு, பதினொரு ப்ளாட். லேன்ல இருக்கிறது இருபத்திரெண்டு குடும்பம்.

நோட்டீஸை வாசிச்சு முடிச்சதும் ஜுமானா லாத்தா கடைக்குள்ள போய் வாங்குல இருந்துட்டா. "நாந்தானே கத்தின" எண்டா.

அந்த மாடிகள் வந்த கதை இப்பிடி. சித்திரை வருசப் பிறப்புக்குக் கொழும்பே காலியாகிடும். ஒஃபிஸ் எல்லாம் பூட்டு. முனிசிபல் ஆக்கள் ஊருக்குப் போய் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருப்பாங்க. அந்த ஏழெட்டு நாளுக்குள்ள லேன்ல வீடு கட்டுவாங்க. ஒரு சித்திரைக்குத் தூண். ஒரு வருசம் பொறுத்து, அடுத்த சித்திரைக்கு ஸ்லாப். அதுக்கடுத்த சித்திரைக்குச் சுவர். பிறகு கூரை. மற்ற மேசன் பாஸ்மார் எல்லாம் வருசத்துக்கு ஊருக்குப் போயிடுவாங்க, தங்கையா பாஸ் மட்டும் போகமாட்டார். அவருக்கு ஊர் தீபாவளிக்குத்தான். கம்பி வெட்டுற சத்தம் வெளிய கேக்காம இருக்கப் பட்டாசு கொளுத்தோணும், அது ஸமீம் நானாட பொறுப்பு. அங்க கட்டரைப் போட இங்க அவர் சீனவெடிக் கட்டைக் கொளுத்துவார். கொட்டாஞ்சேனையிலயே ஆகப் பெரிசா சிங்கள வருசம் கொண்டாடுற சோனகர் இவர்தான் எண்டு பொலிஸ் சார்ஜன்ட் ஒருத்தர் கையைக் குலுக்கிட்டும் போயிருக்கிறார்.

யூஜினாட மாடிதான் முதல் எழும்பினது. நெல்சன் புறக்கோட்டையில ஹார்ட்வெயார் கடையில நிக்கிறவர், கிழிஞ்ச சீமெந்துப் பேக் எல்லாம் முதலாளியிட்டச் சொல்லி எடுத்து வைப்பார். வெளியால பாத்தா மாடி மாதிரித் தெரியக்கூடாது எண்டு முன்னுக்குக் கறுப்பு டேங்க் ஒண்டு வைக்கிற யோசனையும் அவருடையதுதான். மற்ற வீட்டுக்காரரும் அதையே செஞ்சாங்க. பதினொரு டேங்குல ஆறு டேங்குக்குள்ள ஒருநாளும் தண்ணி விட்டதில்ல. முதல்ல கூப்பிடுற சொல் "மாமா வாறார்" இல்ல, "கேஸ் வந்திருக்கு". சமையல் கேஸ் தட்டுப்பாடு வந்த வருசம் உண்மையாவே கேஸ் லொறி வர, ஜுமானா லாத்தா சந்தோசத்துல கத்த, முழு லேனும் படியை மேல இழுத்துட்டுக் குந்தியிருக்க, லொறி போயிட்டுது. அண்டைக்குப் பிறகுதான் சொல்லை மாத்தினது.

இதெல்லாம் சிரிக்கிற விசயம். சிரிக்க ஏலாத விசயம் கடிதம்.

யூஜினா சந்தியடியில ஒரு கம்யூனிகேஷன் கடையில வேலை. ஃபோட்டோகொப்பி, டைப்பிங், ஆருக்கும் சிங்களத்துல கடிதம் எழுதோணுமெண்டா அவவிட்டத்தான் வருவாங்க. ஆறு வருசத்துக்கு முன்னால, அனுமதியில்லாமக் கட்டின பகுதி ஏதும் இருக்கா எண்டு கேட்டு முனிசிபல்ல இருந்து லேனுக்கு ஒரு சுத்துக் கடிதம் வந்துச்சு. யூஜினா மெரினா மச்சாள்ட பேருல பதில் அடிச்சா. 'மேல் தளத்தில் தண்ணீர்த் தாங்கியும் பாவனையற்ற பழைய பொருட்களும் மட்டுமே உண்டு, ஆட்கள் எவரும் வசிக்கவில்லை.' பாவனையற்ற பழைய பொருட்கள் எண்ட சொல் வந்து விழுந்த நேரம் அவக்கே ஒரு சந்தோசம். மற்ற பத்து வீட்டுக்காரரும் வந்து நிக்க, பேரையும் இலக்கத்தையும் மாத்தி மாத்தி அதே கடிதத்தைப் பத்துத் தரம் பிரிண்ட் எடுத்தா. தலைப்புக்குக் கீழ ரெண்டு கோடு போடுறது அவட பழக்கம். பதினொண்டுலயும் போட்டா.

அந்தப் பதினொண்டும் இப்ப பிரதேச செயலகத்துல ஒரு மேசையில வரிசையா இருந்துச்சு. விசாரணைக்கெண்டு மெரினா மச்சாளோட போன யூஜினாக்கு முன்னால, கண்ணாடி போட்ட ஒஃபிசர் மிஸ் ஒவ்வொண்டா எடுத்து, சீட்டு விளையாடுற மாதிரி, ஒண்டுக்குப் பக்கத்துல ஒண்டு வச்சா. மாடியில குடும்பங்கள் இருக்கெண்டு யூஜினா சொல்லிக்கொண்டிருந்த கதை தன்ட பாட்டுக்கு நிண்டுட்டுது. ரெண்டு கோடு, ரெண்டு கோடு, ரெண்டு கோடு. இதெல்லாம் ஒரே ஆள்தானே அடிச்சிருக்கு எண்டு மிஸ் சிங்களத்துல கேட்டா. கோவமாக் கேக்கயில்ல. மெரினா மச்சாள் கீழ யூஜினாட சாரித் தலைப்பைப் பிடிச்சு இழுத்தா, சொல்லாத எண்டு.

"மம தமய், மிஸ்" எண்டா யூஜினா. நான்தான்.

மிஸ் கண்ணாடியைக் கழட்டிட்டு அவவைப் பாத்தா. "அப்ப நான் உங்கட கடிதத்தை நம்பவா, உங்களை நம்பவா?"

பாதையே வேணாமெண்டு சொல்ல ஏலாதா எண்டு யூஜினா கேட்டுப் பாத்தா. அதெல்லாம் முடிஞ்ச விசயம், பொதுத் தேவைக்கு எடுக்கிறதை மறிக்க ஏலாது, ஆனா எடுக்கிற இடத்துல ஆர் இருந்தாங்க எண்டு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு எண்டு மிஸ் பொறுமையா விளங்கப்படுத்தினா. வாற மாசம் அஞ்சாம் திகதி, செவ்வாய்க்கிழமை, மதிப்பீட்டு மஹத்தயா வருவார். ஒருக்காத்தான் வருவார். கண்ணால கண்டதைத்தான் எழுதுவார். நோட்டீஸுக்கு முந்தியே ஆக்கள் இருந்தாங்க எண்டு காட்டுற ஏதாவது வேணும். கரண்ட் பில் ஒண்டுதான், மீட்டரும் ஒண்டுதான். வாக்காளர் லிஸ்ட்டுல நாலு பேர் ஒரே இலக்கத்துல இருக்கு, ஆனா ஆர் மேல ஆர் கீழ எண்டு அதுல இல்ல. ஒரு வீடு மட்டும் மாடி இருக்கெண்டு சொன்னா அது அனுமதியில்லாத கட்டடம், அவ்வளவுதான் எண்டும் சொன்னா. முழு லேனும் சொன்னா எண்டு தொடங்கி, மிஸ் மிச்சத்தைச் சொல்லாம ஃபைலை மூடினா.

வாற வழியில த்ரீவீலுக்குள்ள மெரினா மச்சாள் யூஜினாட கையைப் பிடிச்சா. நெல்சன்ட கூடப்பிறந்தவ, நல்ல மனுசி. புருசன் செத்து, மூத்தவன் கட்டார் போய், கடைசி மகனோட இருக்கிறவ. வீட்டு உறுதிப் பத்திரம் அவட பேருல, தாய் எழுதிக் குடுத்தது.

"ப்ளாட் கிடைச்சா நீங்களும் எங்களோடதானே இருப்பீங்க" எண்டா. "நான் என்ன துரத்தியா விடப் போறன்?"

அன்பாத்தான் சொன்னா. ஆனா யூஜினாக்கு அது நெஞ்சுக்குள்ள போய் நிண்டுட்டுது. பன்னெண்டு வருசமா அந்த ரெண்டு அறையில சமைச்சு, பிள்ளை வளத்து, மழைக்கு ஒழுகின இடத்துக்குச் சட்டி வச்சு, கடைசியா ஒரு ப்ளாட்டுல ஒரு மூலையில பாய் விரிச்சு, 'எங்களோட'.

"மச்சாள், நான் உங்கட வீட்டுல இருக்கயில்ல" எண்டா அவ. "உங்கட வீட்டுக்கு மேல இருக்கன். அது வேற."

மெரினா மச்சாள் கையை எடுத்துட்டு வெளியால பாத்துக்கொண்டு வந்தா.

அண்டைக்குப் பின்னேரமே லேன் குழாயடியில எல்லாரும் கூடினாங்க. யூஜினா நடந்ததை அப்பிடியே சொன்னா, எல்லாரும் சேர்ந்து படியை இறக்கி விடுவம் எண்டா. ஸமீம் நானா சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு முன்னுக்கு வந்தார். அவர் முட்டாள் இல்ல. அனுமதியில்லாமக் கட்டினதெண்டு நாங்களே ஒத்துக்கொண்டா மேலயும் இல்ல, கீழயும் இல்லாமப் போகலாம், கிடைக்கிற பதினொண்டையாவது வாங்குவம் எண்டது அவர்ட கணக்கு. அவர்ட வீட்டு மாடியில மகன் ஸியாம், மருமகள், எட்டு மாசப் பிள்ளை. கணக்கைச் சொன்னபிறகு அவர் யூஜினாவைப் பாத்தார்.

"ஒங்கட ஏணிய நீங்க எறக்குங்க புள்ள, எங்கட மேலதான் ஈக்கும். எல்லாருக்கும் கடிதம் அடிச்சுக் குடுத்து எங்கள இல்லாமலாக்கின நீங்கதானே. இப்ப இன்னொரு கடிதம் அடிச்சு என்னத்துக்கு?"

ரெண்டு மூணு பேர் சிரிச்சாங்க. நெல்சன் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டார். யூஜினாக்கு அழுகை வரயில்ல, கோவமும் வரயில்ல. மனுசன் சொன்னதுல ஒரு சொல் பிழையில்ல. அவட ரெண்டு விரலாலதான் இருபத்திரெண்டு குடும்பத்துல பதினொண்டு அழிஞ்சு போயிருக்கு. நெல்சனை, ஷெரினை, ஸியாம்ட எட்டு மாசப் பிள்ளையை, இன்னும் பிறக்காத நேரமே, பாவனையற்ற பழைய பொருள் எண்டு அவ அடிச்சு வச்சிருக்கா. அடிச்ச கைதான் திருத்தோணும். வேற ஆரும் வரமாட்டாங்க.

அடுத்த நாள் காலையில உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு படியேறேக்க, மூணாவது படி வழமை போல ஆடிச்சு. எல்லா வீட்டுப் படியும் ஒரே வெல்டிங்காரன் செஞ்சது, எல்லா வீட்டுலயும் மூணாவது படி ஆடும். அதைத் தாண்டி நாலாவதுல கால் வைக்கிறது அந்த லேன் ஆக்களுக்குப் பழகின விசயம். மேல போய்க் கொக்கி மாட்டுற இடத்துல தலையைக் குனிஞ்சா. ஸ்லாப் விளிம்புக்கு அடியில, சீமெந்துல ஆணியால கீறின எழுத்து. 'த. 13.4.2011'. பன்னெண்டு வருசமா ஒரு நாளைக்குப் பத்துத் தரம் அதுக்குக் கீழால குனிஞ்சு போறவ. ஒருநாளும் வாசிச்சதில்ல.

கூடையை வச்சுட்டுத் தங்கையா பாஸுக்குக் கோல் எடுத்தா. மனுசன் இப்ப பேலியகொடையில மகளோட. முழங்கால் ஏலாது, வேலைக்குப் போறதில்ல.

"எழுதாம எறங்க மாட்டேங்க மிஸ்" எண்டு அங்கால இருந்து சிரிச்சார். "நாளைக்கு வேற ஒருத்தன் வந்து நான் போட்ட ஸ்லாப்பு இதுனு சொல்லிட்டா? எல்லா வீட்டுலயும் இருக்கு. தேடிப் பாருங்க."

தேடிப் பாக்கச் சொன்னவர் ஞாயித்துக்கிழமை பூசை முடியிற நேரத்துக்குத் தானே பஸ் ஏறி வந்துட்டார். மகள் திட்டினாளாம். ஒரு கையில பொல்லு, மற்றக் கையில டோர்ச். அவர் வீடு வீடா நிண்டு, இங்க தூணுக்குப் பின்னால, இங்க யன்னல் கட்டுக்கு மேல எண்டு காட்டக் காட்ட, யூஜினா ஃபோன்ல படம் எடுத்தா. எல்லாத் திகதியும் சித்திரை. ஏப்ரல் பன்னெண்டு, பதிமூணு, பதினாலு, பதினஞ்சு. ஒரு வீட்டுக்காரி அலுமாரியை நகட்டி விட்டா. இன்னொரு வீட்டுல கதவைத் திறக்கயில்ல. ஸமீம் நானா தன்ட வாசல்ல கையைக் கட்டிக்கொண்டு நிண்டார், விடுற மாதிரித் தெரியயில்ல.

"நானா வீட்டுல நான் பாக்கத் தேவையில்லீங்க" எண்டார் தங்கையா பாஸ். "அதுல என் பேரே இல்ல. மகன் பேரப் போடுனு நானாதானே சொன்னீங்க. படிக்கு மேல, இடது பக்கம்."

ஸமீம் நானா கட்டியிருந்த கையை விட்டார். திரும்பித் தன்ட படியில ஏறினார். மூணாவதைத் தாண்டி, மெதுவா. கொக்கியடியில நிண்டு கழுத்தை வளைச்சுப் பாத்துக்கொண்டே நிண்டார். அந்த ஸ்லாப் போட்ட நேரம் ஸியாமுக்குப் பதினாலு வயசு. சீமெந்துத் தாச்சி தூக்கி நகம் பேந்து அழுதவன். மேல பிள்ளை ஒண்டு சிணுங்கிச்சு. நானா இறங்கி வந்து, உள்ளுக்குப் பாத்து, பாஸுக்கு டீ போடச் சொல்லி மனுசி ஜவாஹிறாட்டச் சொன்னார். அவ்வளவுதான்.

அந்தக் கிழமை முழுக்க யூஜினா வேலை முடிஞ்சபிறகு கம்யூனிகேஷன்லயே நிண்டு கடிதம் அடிச்சா. இந்தத் தரம் கொப்பி பண்ணயில்ல. ஒவ்வொரு வீட்டாரையும் பக்கத்துல ஸ்டூல்ல இருத்தி, நீங்க சொல்லுங்கோ, நான் அடிக்கிறன் எண்டா. முதல் வரி மட்டும் எல்லாத்துலயும் ஒண்டு. முந்தின கடிதத்தை அடிச்சது நான், அதுல இருந்தது பொய், கீழே கையெழுத்து யூஜினா. அந்த வரியை அடிச்சா வேலை போகலாம், வேற ஏதும் வரலாம் எண்டு நெல்சன் சொன்னார். ஓம் எண்டா. அடிச்சா. பிறகு ஒவ்வொருத்தரும் தங்கட கதையைச் சொன்னாங்க. ஒருத்தர் மாடியில இருந்துதான் தகப்பன்ட சவப்பெட்டியைக் கயிறு கட்டி இறக்கினதாம். ஒருத்தி மகள்ட பூப்புனித நீராட்டு விழா ஃபோட்டோ கொண்டு வந்தா, பின்னுக்குத் தகரச் சுவர், கலண்டர்ல வருசத்தோட. ஜவாஹிறா தனிய வந்தா.

"எழுதுங்க புள்ள, மருமகள் புள்ளப் பெத்து நாப்பது நாள் இருந்தது மேலதான் எண்டு" எண்டா. "மாமா வந்த நேரம் பச்சப்புள்ள அழக்கூடாதெண்டு வாயில பால வச்சுக்கிட்டே இருந்தா. அதயும் எழுதுங்க."

யூஜினா அதையும் அடிச்சா. ஏழு வீடு கையெழுத்து வச்சுது. ஏழுல மெரினா மச்சாளும் ஒண்டு. வந்து, எங்க வைக்கிற எண்டு மட்டும் கேட்டு, வச்சுட்டுப் போனா. மூணு வீடு மாட்டனெண்டுட்டுது. ஸமீம் நானா ஜவாஹிறா கொண்டு போன கடிதத்தை நாலா மடிச்சு ஷேர்ட் பொக்கட்டுல போட்டுக்கொண்டு, பாப்பம் எண்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில யூஜினா லேனைப் பாத்தா. அவட வீட்டுப் படியைத் தவிர ஒரு படி கூட இல்ல. விடியமுந்தியே இழுத்துட்டாங்க. கையெழுத்து வச்ச வீடுகளும்தான். கையெழுத்துப் போடுறது ஒண்டு, வாற மனுசருக்கு முன்னால படியை விட்டு வைக்கிறது இன்னொண்டு, அது அவக்கு விளங்கிச்சு. பன்னெண்டு வருசப் பழக்கம். நெல்சன் மேல இருந்து எட்டிப் பாத்து, என்ன செய்ய எண்டு கண்ணால கேட்டார்.

"விடுங்கோ, கிடக்கட்டும்" எண்டா அவ.

முழு லேன்லயும் ஒரு படி மட்டும் நிலத்துல நிண்டுச்சு. யூஜினா அதுக்குப் பக்கத்துல ஃபைலை நெஞ்சோட பிடிச்சுக்கொண்டு நிண்டா. ஒரு வீடு மட்டும் எண்டா அனுமதியில்லாத கட்டடம், அவ்வளவுதான். மிஸ் சொன்னது காதுக்குள்ள இருந்துச்சு. படியை இழுக்க இன்னும் நேரம் இருந்துச்சு. அவ இழுக்கச் சொல்லயில்ல.

பத்து மணிக்குக் கொஞ்சம் முந்தி லேன் முனையில வான் ஒண்டு நிண்டுச்சு. வெள்ளை ஷேர்ட் போட்ட நடு வயசு மஹத்தயா ஒருத்தர் அளக்கிற டேப்போட இறங்கினார், பின்னால ஒஃபிசர் மிஸ். அவங்க ஜுமானா லாத்தாட கடையைத் தாண்டி நாலு அடி வச்சிருப்பாங்க. லாத்தா கடைக்குள்ள இருந்து எழும்பி, வாசல்ல வந்து, இடுப்புல கையை வச்சுக்கொண்டு கத்தினா. முந்தி ஒருநாளும் இவ்வளவு சத்தமாக் கத்தினதில்ல.

"மாமா வாறார்!"

மஹத்தயா திடுக்கிட்டு நிண்டார். லேன் மூச்சுக் காட்டயில்ல. யூஜினா எதிர்வீட்டைப் பாக்காம இருக்கோணும் எண்டு நினைச்சுக்கொண்டு எதிர்வீட்டைத்தான் பாத்தா. கறுப்பு டேங்க். தகரம். ஒண்டும் அசையயில்ல. பிறகு இரும்பு உரசுற சத்தம் ஒண்டு கேட்டுச்சு. அந்தச் சத்தம் அவக்கு நல்லாத் தெரியும், ஆனா அது முடியிற விதம் வேற. மேல போற படி கடைசியில மெதுவாப் படுக்கும். இது ஸமீம் நானாட வாசல் சீமெந்துல வந்து டங் எண்டு குத்திச்சு. மேல ஸியாம் கயித்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டான், அவனுக்குப் பின்னால மருமகள் பிள்ளையை இடுப்புல வச்சுக்கொண்டு, குந்தாம, நிமிந்து. அதுக்குப் பக்கத்து வீட்டுலயும் உரசிச்சு. அங்கால மூலையில ஒண்டு. யூஜினா எண்ணயில்ல. டங், டங் எண்டு லேன் முழுக்க முன்னும் பின்னுமாக் கேட்டுக்கொண்டிருந்துச்சு.

மிஸ் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சா. மஹத்தயா ஒவ்வொரு வாசலாத் திரும்பித் திரும்பிப் பாத்துட்டு, கையில இருந்த லிஸ்ட்டை ஒருக்காப் பாத்தார். பிறகு டேப்பைப் பொக்கட்டுல போட்டுக்கொண்டு யூஜினாட்ட வந்தார். படிக்கு ஒரு கையை வச்சு ஆட்டிப் பாத்து, ஏறலாமா எண்டு கேட்டார்.

ஏறலாம், மூணாவது படி மட்டும் கொஞ்சம் ஆடும், எல்லா வீட்டுலயும் அப்பிடித்தான் எண்டு யூஜினா சொன்னா.

அவர் செருப்பைக் கழட்டி வாசல்ல வச்சார். ஒண்டு, ரெண்டு. மூணாவதைத் தாண்டி நாலாவதுல கால் வச்சார், அந்த லேன்ல எல்லாரும் வைக்கிற மாதிரியே.